ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை: எங்கள் சங்கத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நான்கு நாட்டு நாய் இனங்களைப் பற்றிப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறோம். அழைப்பவர்களில் பாதிப் பேர் குட்டி விலை கேட்கத்தான் அழைக்கிறார்கள். அதற்கும் கீழே பதில் உண்டு. ஆனால் மற்றதையும் படித்துவிட்டு அங்கே போனால் நல்லது.

உங்கள் சங்கம் என்னதான் செய்கிறது?

தலைப்பில் உள்ள நான்கு இனங்களை வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்துவது இது. விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி, தேனி மாவட்டக்காரர்கள்தான் அதிகம். ஆடு மேய்ப்பவர், லாரி ஓட்டுபவர், பட்டாசு ஆலை வேலைக்காரர், வாத்தியார் என்று எல்லாரும் இருக்கிறார்கள். கண்காட்சி நடத்துகிறோம், தடுப்பூசி முகாம் போடுகிறோம், எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு யோசனை சொல்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு பதிவேடு. கோப்பையும் ரிப்பனும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும்; இனம் நிற்பது பதிவேட்டில்தான்.

சங்கம் குட்டி விற்பதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது அட்வான்ஸ் கேட்டால் அனுப்பாதீர்கள்.

நான்கு இனங்களையும் எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

ராஜபாளையம் பால் வெள்ளை. மூக்கு கறுப்பாக இருக்காது. இளஞ்சிவப்பும் ஈரல் நிறமும் கலந்தது போல இருக்கும். கண் தேன் நிறம் அல்லது தங்க மஞ்சள். காது தொங்கும். நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டியிருக்கும், எலும்பு கனம். வளர்ந்த நாயின் தோள் உயரம் சுமார் 65 முதல் 75 செ.மீ. காவல் நாய். ஒரு வீட்டுக்கு, அதிலும் ஓரிருவருக்கு மட்டுமே அடங்கும். மூக்கும் கண்விளிம்பும் கன்னங்கரேல் என்று இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உடம்பில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் டால்மேஷியன் என்ற புள்ளி போட்ட வெளிநாட்டு நாயின் வாடை அடிக்கிறது என்று அர்த்தம்.

சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. நீண்ட கால், ஒடுங்கிய தலை, மெல்லிய தோல், வழவழப்பான குட்டை மயிர், சாட்டை போல் வால். செவலை, சாம்பல், மயிலை, சந்தனம், கறுப்பு என்று நிறம் பலவிதம். ஊர்க்காரர்கள் நிறத்தை வைத்தே நாயைக் கூப்பிடுவார்கள். கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய் இது, மோப்பம் பிடித்துப் போவது இரண்டாம்பட்சம்.

கன்னி உருவத்தில் சிப்பிப்பாறையை ஒட்டியது. கறுப்பு உடம்பு, கால், நெஞ்சு, முகவாய், கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு ஆகியவை செம்பழுப்பு. வெளிர் நிறத்தில் பிறப்பதைப் பால்கன்னி என்பார்கள். கூச்ச சுபாவம் உண்டு. புது ஆள் கை நீட்டினால் பின்வாங்கும். அதை பயந்தாங்கொள்ளி என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

கோம்பை தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கியது. நடுத்தர உயரம், நல்ல தசைக்கட்டு, செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகவாய், பலமான தாடை. மலையடிவாரத் தோட்டங்களில் காவலுக்கும், காட்டுப்பன்றியை விரட்டவும் வளர்த்தார்கள். நான்கில் தூய உருப்படி தேடிப் பிடிக்க மிகவும் கஷ்டப்படுவது இதற்குத்தான். செம்பழுப்பாக, முகம் கறுத்து எந்த நாய் இருந்தாலும் "கோம்பை" என்று சந்தையில் விற்றுவிடுகிறார்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே இனம்தானே?

இந்தக் கேள்வியை எங்கள் கூட்டத்தில் கேட்டால் டீ ஆறிப்போகும். ஒரே ஈற்றில் செவலைக் குட்டியும் கறுப்பு-செம்பழுப்புக் குட்டியும் பிறப்பதைப் பார்த்த பழைய ஆட்கள் "ரெண்டும் ஒண்ணுதான், நிறந்தான் வேற" என்கிறார்கள். கன்னிக்குத் தலையும் குணமும் தனி என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் இந்தியக் கென்னல் கிளப் இரண்டையும் தனித்தனி இனமாகவே வைத்திருக்கிறது. எங்கள் பதிவேட்டிலும் தனித்தனிப் பக்கம்தான். ஆனால் தாய், தகப்பன் நிறத்தை மறைக்காமல் எழுதச் சொல்கிறோம். என் சொந்த அபிப்பிராயம் பழைய ஆட்கள் பக்கம்.

இந்த இனங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா?

இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் நான்கையும் பதிவு செய்கிறது. ஹரியானா கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் மாடு, ஆடு, கோழி இனங்களை வெகுகாலமாகப் பதிவு செய்து வந்தது. நாய்களை அது பட்டியலில் சேர்த்தது 2020-இல். முதலில் இடம்பெற்றவை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய மூன்றும். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமரின் மனதின் குரல் வானொலி உரையில் நம் இனங்களின் பெயர் வந்தது. அடுத்த சில மாதங்கள் எங்கள் போன் ஓயவில்லை. குட்டி விலையும் ஏறியது. அதற்கு முன்பே 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கும் ஒன்று கிடைத்தது.

பாளையக்காரர் படையில் ராஜபாளையம் நாய்கள் போரிட்டன என்ற கதையையும் சிலர் கேட்கிறார்கள். சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆவணம் கொண்டு வாருங்கள், எங்கள் மலரில் போடுகிறோம் என்று பதில் சொல்லிவிடுவோம்.

பதிவேட்டில் என்ன எழுதுகிறீர்கள்? அதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம்?

ஒரு நாய்க்கு ஒரு பக்கம். பிறந்த தேதி, ஊர், தாய், தகப்பன், அவற்றின் தாய், தகப்பன், கூடப் பிறந்த குட்டிகள் எத்தனை, அவற்றில் பிழைத்தவை எத்தனை. இடப்பக்கம், வலப்பக்கம், முன்முகம் என மூன்று படம். மைக்ரோசிப் எண். பல் அமைப்பு, காது கேட்கிறதா, கடுவனுக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா. கடைசியில் செத்த தேதியும் காரணமும். இந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பித் தரத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் எந்த வம்ச வழியில் நாய்கள் இளம் வயதிலேயே செத்துப் போகின்றன என்பது அதில்தான் தெரியும்.

ஏன் அழுத்தம் என்றால், நம் ஊரில் நடப்பது இதுதான்: ஒரு கடுவன் கண்காட்சியில் ஜெயிக்கும். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பெட்டைகளை எல்லாம் அதனிடம் கொண்டுபோவார்கள். அடுத்த வருடம் அந்தப் பக்கத்துக் குட்டிகளில் பெரும்பகுதி ஒரே தகப்பன் பிள்ளைகள். அவை வளர்ந்து இணை சேரும்போது அண்ணனும் தங்கையும் சேருகிற நிலை வரும், யாருக்கும் தெரியாமலே. வாங்கியவருக்குத் தகப்பன் யார் என்று தெரியாது, விற்றவர் சொல்ல மாட்டார். அப்புறம் ஈற்றுக்கு எட்டு குட்டி போட்ட வழியில் மூன்று நான்கு என்று குறையும், சின்ன நோய்க்கும் குட்டி சாகும், சினை பிடிக்காது. வீட்டில் சொல்வார்கள், "கண்ணு பட்டுருச்சு" என்று. கண் படவில்லை, ரத்தம் நெருங்கிவிட்டது.

அதனால் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு: எந்தக் கடுவனையும் அளவில்லாமல் இணை சேர்க்கக் கொடுக்கக் கூடாது. பாட்டன் பாட்டி வரைக்கும் பொதுவான நாய் இருந்தால் அந்த ஜோடியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கோவில்பட்டிக்காரர் சங்கரன்கோவில் பக்கத்து வழியைத் தேடிப் போக வேண்டியிருக்கும், பஸ் செலவு ஆகும், முணுமுணுப்பார். போய் வந்துவிடுவார்.

ஊர்க் கிழவர்கள் பலர் இந்தக் கணக்கை எழுதாமலே வைத்திருந்தார்கள். இன்னார் வீட்டுச் சாம்பல் பெட்டையின் பேத்தி என்று நாலு தலைமுறை சொல்வார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்தால் அவரோடு அந்த வழியின் கணக்கும் போய்விடுகிறது. அதனால் எங்கள் ஆட்கள் ஊர் ஊராகப் போய் முதலில் பேச்சுக் கொடுப்பது நாய் வைத்திருக்கும் பையனிடம் அல்ல, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய தாத்தாவிடம்.

என் நாய்க்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. பதிவு செய்ய முடியுமா?

முடியும். நாட்டு இனங்களில் சான்றிதழ் இல்லாத நல்ல நாய்கள்தான் அதிகம். நடுவர் நேரில் பார்த்து, இனத்தின் தன்மை சரியாக இருக்கிறது என்று சொன்னால் கென்னல் கிளப்பில் முதல் தலைமுறையாகப் பதியலாம். மைக்ரோசிப் கட்டாயம்: அரிசி மணி அளவு, கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் ஊசி மூலம் வைப்பார்கள். அது இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் அல்ல. ஸ்கேனர் வைத்தால் எண் மட்டும்தான் வரும். தொலைந்த நாயை செல்போனில் தேடலாம் என்று நினைத்துப் போட வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் பதிவேட்டுக்குச் சிப் இல்லாமலும் வரலாம். போட்ட பிறகு எண்ணைச் சேர்த்துக்கொள்வோம்.

குட்டி எங்கே வாங்கலாம்? விலை என்ன?

விலை நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் அதுவே "சங்க ரேட்" ஆகிவிடும்.

வாங்கப் போனால் விற்பவர் வீட்டுக்கே போங்கள். தாயைப் பார்க்காமல் குட்டியை எடுக்காதீர்கள். தாய் வெளியூர் போயிருக்கிறது என்று சொன்னால் நீங்களும் வெளியே வந்துவிடலாம். பெட்ரோல் பங்க் வாசலில் கூடையில் வைத்துக் கைமாற்றுகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாளில் "கண் திறந்து நல்லா நடக்குது சார்" என்று கொடுப்பவரிடம் வாங்கினால், அந்தக் குட்டி கடிக்கும் அளவு தெரியாமல் வளரும். கூடப் பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது.

குட்டியின் காதைப் பாருங்கள், பல் கடிப்பைப் பாருங்கள், வயிறு பானை போல் உப்பியிருந்தால் புழு என்று புரிந்துகொள்ளுங்கள். ராஜபாளையம் என்றால் அடுத்த பதிலையும் படியுங்கள்.

ராஜபாளையம் குட்டிகளில் செவிடு அதிகம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மூடி மறைப்பதால்தான் இது தீராமல் இருக்கிறது.

வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே ஒலியை உணரும் மெல்லிய செல்கள் உயிரோடு இருக்க அவை தேவை. உடம்பு முழுக்க நிறமில்லாமல் பிறக்கும் நாய்களில் சிலவற்றுக்கு உள்காதிலும் இந்தச் செல்கள் வந்து சேர்வதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் காது நிரந்தரமாகச் செவிடாகிவிடும். டால்மேஷியனிலும் இதேதான். அழுக்கோ சீழோ காரணம் அல்ல, சொட்டு மருந்தில் சரியாகாது.

வீட்டில் எல்லாரும் செய்யும் சோதனை தட்டைத் தட்டிப் பார்ப்பது. அது ஏமாற்றும். குட்டி உங்கள் கை அசைவதைப் பார்க்கும், தரை அதிர்வதை உணரும், பக்கத்துக் குட்டி திரும்பினால் தானும் திரும்பும். சோதிப்பதாக இருந்தால் குட்டியைத் தனியே பிரித்து, தூங்க விட்டு, கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக் கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தரையில் தட்டாதீர்கள், முகத்தில் காற்றுப் படக் கூடாது. காது கேட்கும் குட்டிக்குத் தூக்கத்திலேயே காது துடிக்கும். செவிட்டுக் குட்டிகளுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: தாய் வந்து மற்றவை எல்லாம் எழுந்து ஓடிய பிறகும் அது மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும், யாராவது இடித்தால்தான் எழும்.

ஆனால் ஒரு காது மட்டும் கேளாத நாயை இந்தச் சோதனை பிடிக்காது. அது வீட்டில் சாதாரணமாகத்தான் நடந்துகொள்ளும். அதை இணை சேர்த்தால் முழுச் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு அதிகம். தலையில் சிறு மின்முனைகளை வைத்து, ஒலி மூளைக்குப் போகிறதா என்று அளக்கும் பேயர் என்ற பரிசோதனைதான் இரண்டு காதையும் தனித்தனியே சொல்லும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனபின் செய்யலாம். வசதி எல்லா ஊரிலும் இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள்.

கேளாத நாயை வளர்க்க முடியும். கைச்சைகையில் நன்றாகப் பழகும். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது, சாலையோரம் அவிழ்த்து விடக் கூடாது. ஆனால் அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட வேண்டும். தெரிந்தே மறைத்து விற்றால் சங்கத்தில் இடமில்லை.

கண்காட்சிக்கு நாயைக் கொண்டுவர விரும்புகிறேன். என்ன தயாரிப்பு வேண்டும்?

முதலில் நாய்க்கு அன்னியர் கை பழக வேண்டும். நம் நாய்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். நடுவர் முகவாயைத் தூக்கி உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். தோளிலிருந்து முதுகு வழியாக இடுப்பு வரை கையை ஓட்டுவார். கடுவன் என்றால் விதையைத் தொட்டுப் பார்ப்பார். தோட்டத்தில் கட்டியே கிடந்த ராஜபாளையத்துக்கு இது கொலைக்குற்றமாகத் தோன்றும். மூன்று மாதம் முன்பிருந்தே வீட்டுக்கு வருகிறவர்களைக் கொண்டு வாயைத் திறந்து பார்க்கப் பழக்குங்கள்.

அடுத்தது நடை. நடுவர் முக்கோணமாக ஓட்டச் சொல்வார்: பக்கவாட்டில் கால் எவ்வளவு எட்டிப் போகிறது, முன்னும் பின்னும் நேராக விழுகிறதா என்று பார்ப்பதற்காக. இழுத்துக்கொண்டு ஓடும் நாயிடம் எதுவும் தெரியாது. கனத்த இரும்புச் சங்கிலி வேண்டாம். மெல்லிய கயிற்றுப் பட்டை போதும். முள் பட்டையோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

குளிப்பாட்டுவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். வெள்ளை தெரிய வேண்டும் என்று ராஜபாளையத்துக்குப் பவுடர் பூசி வருகிறார்கள். நடுவர் கையில் ஒட்டிக்கொண்டால் உங்களுக்குத்தான் அசிங்கம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் புத்தகம் இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை. பருவத்துக்கு வந்த பெட்டையைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

காதை வெட்டலாமா? வாலை நறுக்கலாமா?

கூடாது. நான்கு இனங்களில் எதற்கும் தேவையும் இல்லை. வெட்டிய நாயைக் கண்காட்சியில் சேர்ப்பதில்லை.

வேட்டை நாய் என்கிறீர்கள். முயல் வேட்டைக்குக் கொண்டுபோகலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் பிடிப்பதும் குற்றம்தான். "எங்க தாத்தா காலத்துல இருந்து பண்றோம்" என்பது வனத்துறையிடம் எடுபடாது. நாய் பிடித்த முயலைத் தூக்கிக் காட்டி வீடியோ போடுபவர்களைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுகிறோம். இதில் எங்களுக்குள்ளேயே மனத்தாங்கல் உண்டு. வேட்டை இல்லாவிட்டால் சிப்பிப்பாறைக்கு வேலை ஏது, வேலை இல்லாத இனம் உருக்குலையாதா என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. சும்மா கட்டிப்போட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் ஓட்டமும் மூச்சும் போய், உருவம் மட்டும் மிஞ்சும்.

அதற்கு மாற்றாகத்தான் துணி இழுவை ஓட்டம் வைக்கிறோம். மோட்டாரில் சுற்றிய கயிற்றின் நுனியில் வெள்ளைத் துணி கட்டி, வளைந்து வளைந்து இழுக்க, நாய் அதைத் துரத்தும். உயிருள்ள இரை எதுவும் இல்லை. கண்ணுக்கு வேலை, காலுக்கு வேலை, மனத்துக்கும் வேலை. விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். நாய்க்கு வியர்வையில் சூடு இறங்காது, மூச்சிரைப்பில்தான் இறங்க வேண்டும். உடல் சூடு 106 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஓட்டம் முடிந்த நாய் தள்ளாடினாலோ, ஈறு செங்கல் நிறமாகச் சிவந்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டுக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பணம் வைத்து நடக்கும் பந்தயங்களோடு எங்களுக்குத் தொடர்பில்லை. அங்கே ஜெயிப்பதற்காகத்தான் கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டு ஓட்ட நாயின் ரத்தம் உள்ளே வந்தது. தொடையும் முதுகும் உருண்டு திரண்ட "சிப்பிப்பாறை"யைப் பார்த்தால் அதன் பாட்டன் யார் என்று கேளுங்கள்.

விலா எலும்பு தெரிகிறது. பட்டினி போடுவதாகப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்!

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு. இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் முட்டிக்கொண்டு நின்றால்தான் கவலை. ஊரில் கம்பங்கூழ், கேப்பைக்கூழ், மோர் கொடுத்துத்தான் வளர்த்தார்கள். அதோடு காட்டில் அது தானே தேடிக்கொண்ட எலி, ஓணான் எல்லாம் இருந்தன என்பதை மறந்துவிட்டுக் கூழ் மட்டும் ஊற்றினால் புரதம் பற்றாது. கூழோடு முட்டை, வேகவைத்த கோழி அல்லது மீன் சேருங்கள். வேகவைத்த எலும்பு வேண்டாம், சிம்பாகி உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட், வெங்காயம், திராட்சை கூடவே கூடாது.

என்னென்ன தடுப்பூசி?

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் உங்கள் மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல். நாட்டு நாய்க்கு நோய் வராது என்று சொல்லித்தான் ஒவ்வொரு வருடமும் பார்வோவுக்குக் குட்டிகளை வாரிக் கொடுக்கிறோம். வெயில் தாங்கும் உடம்பு வேறு, வைரஸ் தாங்கும் உடம்பு வேறு.

உண்ணிக்காய்ச்சலும் கவனம். சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளிறினால் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டால் வகை மயக்க மருந்துகள் கொழுப்பில் போய்த் தங்கித்தான் ரத்தத்தில் குறையும். கொழுப்பு இல்லாத நாய் நீண்ட நேரம் எழாமல் கிடக்கும். நல்ல மருத்துவருக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் இனத்தின் பெயரைச் சொல்லி, எடையைத் தராசில் போட்டுக் காட்டிவிடுங்கள்.

சென்னையில் அடுக்குமாடி வீடு. ராஜபாளையம் வளர்க்கலாமா?

எங்களைக் கேட்டால் வேண்டாம் என்போம். சத்தத்துக்கும் அன்னியருக்கும் சதா விறைத்து நிற்கும் நாயை, லிஃப்டில் ஆள் ஏறி இறங்கும் இடத்தில் அடைத்தால் அதற்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் இல்லை. குட்டியிலிருந்தே பழக்கி, காலையும் மாலையும் ஓட விட முடியும் என்றால் கன்னியோ சிப்பிப்பாறையோ வளர்க்கலாம். வீட்டுக்குள் அவை பூனை மாதிரி சுருண்டு தூங்கும். ஆனால் திறந்த கேட்டில் அணிலைக் கண்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் இரண்டையும் முடித்துவிடுங்கள். வெளியே போகும்போது கயிறு எப்போதும் கையில்.

23 நாயினங்களுக்குத் தடை என்று செய்தி வந்ததே, நம் இனங்களும் அதில் உண்டா?

இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை அது. பிட்புல், டோசா இனு, போர்போல் போன்றவை பட்டியலில் இருந்தன, நம் நான்கும் இல்லை. அந்தச் சுற்றறிக்கையையே அடுத்த மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் உங்கள் ராஜபாளையம் யாரையாவது கடித்தால் பொறுப்பு உங்களுடையதுதான். இனப் பட்டியல் காப்பாற்றாது.

பெட்டையை எப்போது இணை சேர்க்கலாம்?

18 மாதம் ஆகாமல் கூடாது என்பது 2017 விதி. வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் வேண்டாம். முதல் பருவத்திலேயே சேர்த்துவிட்டு, குட்டி போட முடியாமல் நள்ளிரவில் எங்களை அழைப்பவர்கள் இருக்கிறார்கள். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இணை சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்க நிலையம் இருந்ததே, அங்கே வாங்க முடியாதா?

முடியாது. கால்நடை பராமரிப்புத் துறை 1980-களின் தொடக்கத்திலிருந்து அதை நடத்தி வந்தது. நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்த வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. நாட்டு நாயை அழிக்கச் சதி என்று அப்போது பேச்சு கிளம்பியது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூண்டில் அடைத்து இனத்தைக் காப்பாற்ற முடியாது. அது பிறந்த ஊரில், தோட்டத்திலும் கிடையிலும் வளர்ப்பவன் கையில்தான் இருக்க முடியும். ஆனால் மூடும்போது அங்கிருந்த வழிகளின் கணக்கை வளர்ப்பவர்களிடம் ஒப்படைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் உண்டு.

சங்கத்தில் சேர என்ன செய்ய வேண்டும்?

நாய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பதிவேட்டு வேலைக்கு எழுதத் தெரிந்த ஆட்கள்தான் எங்களுக்கு அவசரம். நாய் வைத்திருந்தால் தடுப்பூசிப் புத்தகம், மூன்று பக்கப் படம், தாய் தகப்பன் பற்றித் தெரிந்த விவரம் எல்லாம் கொண்டுவாருங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற உறுப்பினர் ஒருவர் வந்து நாயைப் பார்த்துப் பக்கத்தைத் தொடங்கி வைப்பார். கன்னி வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அன்னியர் வந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், படம் எடுக்க அரை நாள் ஆகும்.